படிவத்தின் மேல் வினிதா வைத்த கை

அன்பு மகள் தமிழ்ப்ரியாவுக்கு,

அக்ரஹாரத்து வீட்டிலிருந்து அம்மா எழுதுவது. அங்கே குளிர் விட்டிருக்கும், மிதுனாவின் இருமலும் குளிரோடு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே பேனாவைத் திறந்தேன். நீ, மாப்பிள்ளை மனோஜ்குமார், குழந்தை மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் அப்படியே இருக்கிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை இந்த மாதம் கட்டுக்குள் இருக்கிறது, காலையில் தவறாமல் நடக்கப் போகிறார், நடந்து முடித்துவிட்டு டிபன் கடையில் உட்காருகிறார் என்பதும் எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறேன். தசரா வருகிறதல்லவா, தையலுக்குத் துணி குவிந்து கிடக்கிறது, நம் தெருவில் பாதியைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள், ஸ்கூட்டர்கள் எல்லாம் கோயில் வாசலோடு நின்றுவிடுகின்றன, ப்ளவுஸ் அளவு கொடுக்க வருகிறவர்கள் சேற்றைத் தாண்டி வந்து என்னைத் திட்டுகிறார்கள், நான்தான் தோண்டியது போல.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஆனி மாதத்தில் உன் தங்கை வினிதாவின் ஆபரேஷன் என்ன ஆயிற்று என்று நீ மூன்று தடவை கேட்டாய், மூன்று தடவையும் தேதி தள்ளிப் போயிருக்கிறது என்றேன். அது பொய். தேதி தள்ளிப் போகவில்லை, ஆபரேஷனே இல்லை என்று ஆகிவிட்டது. நடந்ததை வாயால் சொல்ல முயன்றேன், ஒவ்வொரு தடவையும் வேறு பேச்சுக்குத் தாவிவிட்டேன். துக்கத்தால் அல்ல. பிறகு எதனால் என்று எனக்கே இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், அவசரம் இல்லை, குழந்தை தூங்கும் நேரமாகப் பார்த்துப் படி.

முதலில் எங்கள் பக்கத்துக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு முந்தின வாரம் வினிதா பயிற்சி நிலையத்திலிருந்து சிட்டி பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்த ஒருவன் அவள் தொடையில் கை வைத்தான். அவள் சும்மா இருக்கவில்லை, எழுந்து நின்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள், கண்டக்டர் விசில் ஊதி வண்டியை நிறுத்தி அவனைக் கீழே இறக்கிவிட்டார். வீட்டுக்கு வந்து நடந்ததை எங்களிடம் வரிசையாகச் சொன்னாள், சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள், தூங்கினாள். தூங்காமல் கிடந்தது நானும் அப்பாவும்தான். இதை உனக்குச் சொன்னபோது நீயும் அழுதாய். பிறந்த அன்றே டவுன் சிண்ட்ரோம் என்று டாக்டர் சொன்ன பிள்ளை, பேச்சே நாலு வயதுக்குப் பிறகுதான் வந்தது, இந்த ஊரில் இப்படி ஒரு பிள்ளையை எத்தனை நாள் கூடவே இருந்து காக்க முடியும், நாங்கள் போன பிறகு யார் என்று அந்தப் பழைய பயம் மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டது. மாசியில் ஹனூரிலிருந்து லிங்கம்மா அத்தை வந்திருந்தார்கள். இரண்டு நாள் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மூன்றாவது நாள், "ஏங் கௌரி, அவளுக்குக் கருப்பையை எடுத்துப் போடுங்கொ. மாசாமாசம் அந்தச் சள்ளையும் இல்ல, நாளைக்கு ஒன்னுன்னா வயித்துல வந்து நிக்கும்ங்கற பயமும் இல்ல. எங்கூர்ல ரெண்டு வீட்டுல அப்படித்தான் பண்ணுனாங்க" என்றார்கள். எனக்கு முதலில் திக்கென்றது. பிறகு அதையே நினைத்து நினைத்து அது நியாயமாகத் தோன்ற ஆரம்பித்தது. உன்னிடம் கேட்டேன், உங்களுக்கு எது சரியோ செய்யுங்கள் அம்மா என்றாய். அப்பாவிடம் கேட்டேன், தலையை ஆட்டினார். இப்படி அத்தை, நீ, அப்பா, நான் என்று நாலு பேரும் பேசி முடிவு செய்தோம். வினிதாவிடம் யாரும் கேட்கவில்லை. வயிற்று வலி வராமல் இருக்க ஒரு சின்ன வைத்தியம், ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருக்க வேண்டும் என்று மட்டும் நான் சொன்னேன். சரி என்று, வேலை பார்க்கிற பேக்கரியில் லீவு சொல்லிவிட்டு வந்தாள். அவள் மாதவிலக்கு நாட்களை அவளே காலண்டரில் குறித்து, அவளே துணி அலசி, எல்லாவற்றையும் சுத்தமாகப் பார்த்துக்கொள்கிறாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தச் சள்ளை என்ற வார்த்தைக்குத் தலையை ஆட்டினேன்.

அவளுடைய சனிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், ஆனால் நானே அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல்தான் சொன்னேன். பயிற்சி நிலையத்தின் மாடி அறையில் இரண்டு வருஷமாக அவர்கள் ஒன்பது பேர் கூடுகிறார்கள், எல்லோரும் வினிதாவைப் போல ஏதாவது ஒரு வகையில் பிறவியிலேயே வளர்ச்சியில் தடை உள்ளவர்கள், எல்லோரும் பெரியவர்கள். தாரணி டீச்சர் ஓரமாக உட்கார்ந்து அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்வார், அவ்வளவுதான், கூட்டத்தை நடத்துவது அவர்களே. என்னம்மா பண்ணினீர்கள் என்று கேட்டால், "கேள்வி கேக்கப் பழகினோம்" என்பாள் வினிதா. கடையில் மீதிச் சில்லறை தராவிட்டால் என்ன கேட்பது, பஸ்ஸில் யாராவது தொட்டால் எப்படிக் கத்துவது, டாக்டர் அம்மாவிடம் மட்டும் பேசினால் என்ன சொல்வது, இப்படி. ஒருவர் கடைக்காரராக நடிப்பார், ஒருவர் கேட்பார். நல்ல பொழுதுபோக்கு, வீட்டில் டிவி பார்ப்பதற்கு இது மேல் என்று நினைத்திருந்தேன் தமிழு. எட்டு வயதுப் பிள்ளைகள் சொப்பு வைத்து விளையாடுவதைப் பார்க்கிற மாதிரி சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆனி இரண்டாவது வாரம், ஒரு புதன்கிழமை காலையில் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெயர் எழுத வேண்டாம், உனக்குத் தேவையும் இல்லை. ரத்தம் எல்லாம் முந்தின வாரமே எடுத்துவிட்டார்கள். வரிசை நாற்காலியில் வினிதா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள், பச்சை சுடிதார், நான் தைத்ததுதான். ஒரு ஸிஸ்டர் படிவத்தை அட்டையில் செருகிக்கொண்டு வந்து, அப்பாவைப் பார்த்து, "இல்லி சைன் மாடி சார்" என்று விரலால் இடத்தைக் காட்டினாள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனாவை எடுத்தார். வினிதா எட்டிப் பார்த்தாள். அவளுக்குக் கன்னடம் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், தன் பெயர் எங்கே இருந்தாலும் உடனே தெரிந்துவிடும். "அதுல என்ற பேரு இருக்குது" என்றாள். ஆமா அம்மிணி என்றார் அப்பா. "பேரு என்னுது. அப்ப நீங்க எதுக்குக் கையெழுத்துப் போடறீங்க?" அப்பா ஸிஸ்டரைப் பார்த்தார். அந்த ஸிஸ்டர் கெட்டவள் இல்லை, அவசரத்தில் இருந்தாள், அவங்களுக்குப் புரியாது சார், நீங்க போடுங்க என்றாள். அப்போதுதான் வினிதா தன் வலது கையை விரித்து, கையெழுத்துப் போடுகிற இடத்தின் மேல் அப்படியே வைத்தாள். தட்டவில்லை, பிடுங்கவில்லை, சும்மா வைத்தாள். வைத்துவிட்டு ஸிஸ்டரை நிமிர்ந்து பார்த்து, "புரியற மாதிரி சொல்லுங்க" என்றாள்.

அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. பேக்கரியில் ரஸ்க் எத்தனை பாக்கெட் என்று சொல்கிற மாதிரி சாதாரணமான குரல். பிறகு கையை எடுக்காமலே குனிந்து படிவத்தில் இருந்ததை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். கர்ப்பகோச என்று வந்து நின்றாள். "கர்ப்பகோசன்னா என்ன?" என்று கேட்டாள். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்தார். ஸிஸ்டர்தான் சொன்னாள், பாவம், அவளுக்கு நாங்கள் மறைத்தது எப்படித் தெரியும். "குழந்தை வளர்ற பைம்மா. அதை எடுத்துருவாங்க. அப்புறம் மாசாமாசம் உனக்குத் தொந்தரவு இருக்காது." வினிதா அந்த எழுத்தை விரலால் தொட்டாள். என் பக்கம் திரும்பவில்லை. ஸிஸ்டரிடமே, "அம்மா வயித்து வலின்னு சொன்னாங்க. எனக்கு வயித்து வலி இல்லையே" என்றாள். அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதினால் அது என்னைப் பற்றிய கடிதமாகிவிடும், விட்டுவிடுகிறேன். "டாக்டரைப் பாக்கோணும். நான் பாக்கோணும்" என்று சொல்லி எழுந்தாள், படிவத்தை அட்டையோடு எடுத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா அறைக்குள் நோயாளி உட்காருகிற நாற்காலியில் போய் அவளே உட்கார்ந்தாள். முன்னால் வந்தபோதெல்லாம் அதில் நான்தான் உட்கார்ந்தேன், அவளைப் பின்னால் பெஞ்சில் உட்கார வைத்தோம், டாக்டரம்மா அவளிடம் சாக்லேட் வேண்டுமா என்று மட்டும் கேட்டார். அன்றைக்கும் அவர் எங்களைப் பார்த்துக்கொண்டே, என்ன, பயப்படுகிறாளா என்று கேட்டார். வினிதா, "டாக்டர், என்கிட்டப் பேசுங்க" என்றாள். டாக்டரம்மா கையிலிருந்த பேனாவை வைத்தார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, சரி வினிதா, அப்பா அம்மா இங்கே இருக்கட்டுமா, வெளியே போகட்டுமா என்று கேட்டார். அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள் தமிழு, நான் அந்த நேரத்தில் வெளியே அனுப்பிவிடுவாளோ என்று பயந்தேன். "இருக்கட்டும். பேச வேண்டாம்" என்றாள்.

பிறகு அவள் கேட்ட கேள்விகளை நான் வார்த்தை மாறாமல் எழுதுகிறேன், இவை எனக்கு மறக்காது. "எனக்கு என்ன நோவு?" என்றாள். நோவு ஒன்றும் இல்லை என்றார் டாக்டரம்மா. "எடுக்கலைன்னா செத்துப் போவனா?" இல்லை, ஒன்றும் ஆகாது என்றார். "அப்ப யாருக்காக எடுக்கறீங்க?" இதற்கு டாக்டரம்மா எங்கள் பக்கம் பார்த்தார். பதில் சொல்ல வேண்டியது நாங்கள் என்று அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. பேசக் கூடாது என்று அவள் சொல்லியும் நான் வாயைத் திறந்துவிட்டேன். உன் நல்லதுக்குத்தான் சாமி, பஸ்ஸில் அவன் பண்ணின மாதிரி நாளைக்கு யாராவது ஏதாவது பண்ணிவிட்டால் என்ன செய்வது, நாங்கள் இல்லாத காலத்தில் நீ எப்படித் தாங்குவாய் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். வினிதா அப்போதுதான் முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பஸ்ல கை வெச்சது அவன். அறுக்கறது என்னையா?" என்றாள்.

நாலு பேர் மாதக்கணக்கில் பேசினோம். அப்பா முப்பத்திரண்டு வருஷம் பாக்டரியில் ஆட்களை மேய்த்தவர், நீ பெரிய படிப்புப் படித்தவள், அத்தை ஊர்ப் பஞ்சாயத்தில் எல்லாம் பேசுகிறவர்கள். எங்களில் ஒருத்தருக்குக்கூட இந்த ஒரு வரி தோன்றவில்லை. வயிற்றில் குழந்தை வராமல் செய்துவிட்டால் அவன் கை வைக்காமல் இருந்துவிடுவானா. இல்லையே. அப்புறம் நாங்கள் எதைத்தான் காப்பாற்றப் போனோம். டாக்டரம்மா மெதுவாக, இந்த மாதிரி ஆபரேஷனை அவங்க சம்மதம் இல்லாமப் பண்ணக் கூடாதுன்னு சட்டமே இருக்கு, நான்தான் முதல்லயே இவங்களைக் கேட்டிருக்கணும், கேக்கல, என் தப்பு என்று எங்களிடம் சொன்னார். சொல்லிவிட்டு அதையே வினிதாவிடம் திரும்பி இன்னொரு தடவை புரியும்படி சொன்னார். படிவத்தின் குறுக்கே, ஒப்புதல் இல்லை என்று எழுதி, அவளிடம் பேனாவைக் கொடுத்தார். வினிதா தன் பெயரை எழுதினாள். கன்னடத்தில் மூன்றே எழுத்து, அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகும் என்று உனக்குத் தெரியும். மேஜைமேல் போன் அடித்துக்கொண்டே இருந்தது, டாக்டரம்மா எடுக்கவில்லை, அவள் கடைசிக் கோடு இழுத்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

வீட்டுக்கு ஆட்டோவில் வந்தோம். வினிதா நேராகத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாயந்திரம் அப்பா அவள் கதவுக்கு முன்னால் போய் நின்று, "அம்மிணி, உள்ள வரலாமா?" என்று கேட்டார். இருபத்தேழு வருஷத்தில் இந்த வீட்டில் அவள் அறைக்குள் போக யாரும் அனுமதி கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. உள்ளேயிருந்து, "இப்ப வேண்டாம்" என்று பதில் வந்தது. அப்பா திரும்பி வந்து, வேண்டாம்ங்குது என்று என்னிடம் சொன்னார். சொன்னபோது அவர் முகத்தில் இருந்ததை வருத்தம் என்று நான் சொல்ல மாட்டேன். உனக்கு வேலை கிடைத்த அன்றைக்கு ஒரு முகம் வைத்திருந்தாரே, ஏறக்குறைய அது.

ஒன்பது நாள் வினிதா என்னோடு பேசவில்லை. அப்பாவோடு மூன்றாவது நாளே பேசினாள், அவர் தப்புதான் கண்ணு என்று நேராகச் சொல்லிவிட்டார். நான் சமைத்ததைச் சாப்பிட்டாள், வேலைக்குப் போய் வந்தாள், தலைவாரிவிட மட்டும் என்னை விடவில்லை, அவளே கோணல் வகிடு எடுத்துப் பின்னிக்கொண்டு போனாள். நான் மன்னிப்புக் கேட்டேன், காதில் வாங்கிக்கொண்டாள். முன்பெல்லாம் அவள் முகம் திருப்பினால் ஒரு லட்டு கொடுத்துச் சரிக்கட்டிவிடுவேன். இந்தத் தடவை லட்டு வாங்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. பத்தாவது நாள் அவளே வந்து, "சனிக்கிழமை கூட்டத்துக்கு நீங்களும் அப்பாவும் வாங்க. பின்னாடி உக்காரோணும். கையைத் தூக்கிக் கேக்காமப் பேசக் கூடாது" என்றாள்.

போனோம். கூட்டத்துக்குத் தலைவர் தொட்டையன், வயது முப்பத்தைந்து இருக்கும், சக்கர நாற்காலியில் இருப்பவர், கையும் கழுத்தும் அவர் சொன்னபடி கேட்காது, ஒவ்வொரு வார்த்தையும் தொண்டையிலிருந்து இழுத்துத்தான் வரும். எங்களுக்கு வணக்கம் சொல்லி, இன்றைக்கு வினிதா பேசப் போகிறார் என்று ஒரு வாக்கியம் சொல்ல அவருக்கு மூன்று நிமிஷம் ஆயிற்று. இரண்டாவது வார்த்தையிலேயே எனக்கு மீதி என்னவென்று புரிந்துவிட்டது, அதை நாமே சொல்லி முடித்துவிட்டால் அவருக்குச் சிரமம் குறையுமே என்று வாய் துறுதுறுத்தது. சுற்றிப் பார்த்தேன். எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தர்கூட அவருக்கு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. வேறு பக்கம் பார்க்கவும் இல்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, அந்த வார்த்தை வரும்வரை அவருக்காக இருந்தார்கள். கோயிலில்கூட நான் அப்படி ஒரு அமைதியில் உட்கார்ந்ததில்லை. என் பிள்ளைக்கு நான் எத்தனை வாக்கியத்தை முடித்துக் கொடுத்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருந்தது.

வினிதா எழுந்து நடந்ததை எல்லாம் சொன்னாள். நாங்கள் பொய் சொன்னதையும் சொன்னாள், எங்களைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். முடித்ததும் ஒருவர், நீ கல்யாணம் பண்ணிப்பியா, குழந்தை பெத்துப்பியா என்று கேட்டார். அவள், "தெரியாது. தெரியறப்ப நானே சொல்றேன்" என்றாள். அவ்வளவுதான் பதில். இதற்குமேல் சரியான பதிலை உன்னாலோ என்னாலோ சொல்லிவிட முடியுமா.

அப்போது ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ரூபா கையைத் தூக்கினாள். ரூபாவுக்கு நாற்பது வயது, பெற்றவர்கள் இல்லை, அண்ணன் வீட்டில் இருக்கிறாள், அதிகம் பேச மாட்டாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். "எனக்குப் பத்தொம்பது வயசுல வயித்துல தையல் போட்டாங்க. அதுக்கப்புறம் எனக்கு மாசாமாசம் வரல. கட்டின்னு சொன்னாங்க. இப்ப வினிதா சொன்னதுதான் எனக்கும் எடுத்தாங்களா?" என்று கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை, பொதுவாகத்தான் கேட்டாள். தாரணி டீச்சர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறேன் ரூபா, வேணும்னா டாக்டர்கிட்டப் போய்க் கேப்போம் என்றார். ரூபா தலையை ஆட்டினாள். "என்னை யாரும் கேக்கல" என்றாள். இருபத்தோரு வருஷம் கழித்துத் தன் உடம்பில் என்ன நடந்தது என்று ஒருத்திக்குத் தெரிய வருகிறது, அதுவும் என் மகள் எங்கள் கையிலிருந்து தப்பி வந்த கதையைக் கேட்டு. நான் அழுதுவிட்டேன், அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். வினிதா அழவில்லை. தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ரூபா பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அவளைத் தொடவில்லை, முதலில், "தோள்ல கை போடட்டுமா?" என்று கேட்டாள். ரூபா சரி என்ற பிறகுதான் போட்டாள்.

அதற்குப் பிறகு நாலு சனிக்கிழமை அவர்கள் உட்கார்ந்து ஒரு பக்கத் தாளைத் தயார் செய்தார்கள். பெரிய எழுத்தில் கன்னடம், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு படம். எங்களிடம் பேசுங்கள், புரியும்படி சொல்லுங்கள், நேரம் கொடுங்கள், வேண்டாம் என்றால் வேண்டாம்தான், இவ்வளவுதான் அதில் இருப்பது. கடைசி வரி ரூபா சொன்னது. முடிந்து போனதாக இருந்தாலும் எங்களுக்குச் சொல்லுங்கள் என்பது அது. வினிதாவும் ரூபாவும் தொட்டையனும் போய் அந்த டாக்டரம்மாவிடம் கொடுத்தார்கள், வாசல் படியில் தொட்டையன் நாற்காலியை ஏற்ற வேண்டியிருந்ததால் அப்பாவும் கூடப் போனார், அறைக்கு வெளியேதான் நின்றாராம், அவர்கள் அழைக்கவில்லை. அந்தக் காகிதம் இப்போது டாக்டரம்மா மேஜைக்குப் பின்னால், நோயாளிக்கு நேராகத் தெரிகிற சுவரில் ஒட்டியிருக்கிறது. ரூபாவை அவர் தனியாக உட்கார வைத்து ஸ்கேன் பார்த்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். என்ன சொன்னார் என்று வினிதாவைக் கேட்டேன். "அது ரூபாக்கா விஷயம்" என்று சொல்லிவிட்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

லிங்கம்மா அத்தை போன வாரம் போன் பண்ணி ஏன் இன்னும் பண்ணவில்லை என்று ஆரம்பித்தார்கள். நான் விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து வினிதா போனை வாங்கி, "அத்தை, நல்லா இருக்கீங்களா. என்ற வயித்தைப் பத்தி என்கிட்டத்தான் கேக்கோணும். கேளுங்க" என்றாள். அத்தை மழை பெய்ததா என்று கேட்டார்களாம். இவள் பெய்தது என்று சொல்லிவிட்டுக் கொடுத்துவிட்டாள்.

இனி உன் விஷயம். என்னோடு மறுபடி பேச ஆரம்பித்த பிறகு, யார் யாரெல்லாம் சேர்ந்து முடிவு பண்ணினீர்கள் என்று வினிதா கேட்டாள். இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை, பெயர்களைச் சொன்னேன். "அக்காவுமா?" என்றாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு உன் போன் வரும்போதெல்லாம் அவள் மாடிக்குத் துணி எடுக்கப் போவதை நீ கவனித்திருக்க மாட்டாய். உனக்காக நான் அவளிடம் பரிந்து பேசப் போவதில்லை கண்ணு. அந்த வேலையை நான் விட்டுவிட்டேன், அவளுக்காக உன்னிடம் பேசுவதையும் விட்டுவிட்டேன். நீயே அவள் நம்பருக்கு நேராகக் கூப்பிடு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் நேரம் பதினொரு மணிக்குமேல் அவளுக்கு ஓய்வு. முதல் தடவை எடுக்காமல் போகலாம், என்னிடம் அவள் பத்து நாள் எடுத்துக்கொண்டாள், உனக்கு எத்தனை நாள் என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும். எடுத்தால் சுற்றி வளைக்காதே, காரணம் அடுக்காதே, கேட்காமல் விட்டது தப்பு என்று மட்டும் சொல். சொல்லிவிட்டுக் காத்திரு, அவளுக்குப் பதில் வர நேரம் ஆகும், நடுவில் நீ பேசிவிடாதே. எனக்கு இது இன்னும் முழுதாக வரவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டு பழகிக்கொண்டிருக்கிறேன்.

எனக்குப் பயம் எல்லாம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அவள் பஸ் வர அரை மணி தாமதமானால் இன்றைக்கும் தெருமுனைக்குப் போய் நிற்கிறேன். ஆனால் இரவும் பகலும் நான் யாருக்காகப் பயந்தேனோ அவள் வேறு, இந்த வினிதா வேறு. இவள் என் வயிற்றில் பிறந்தவள்தானா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சோற்றுக்கு உப்பு போதுமா என்று நான் கேட்டால்கூட ஒரு வாய் சாப்பிட்டு யோசித்துப் பிறகுதான் பதில் சொல்கிறாள், அந்த யோசிக்கிற நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. எப்போதும் இப்படித்தான் இருந்திருக்கிறாள் போல, நான் கேட்டுவிட்டுக் காத்திருக்காததால் பார்க்கவில்லை.

மிதுனாவுக்குத் தடுப்பூசித் தேதியைத் தவறவிடாதே, மாப்பிள்ளையிடம் இரவில் அதிக நேரம் லேப்டாப் பார்க்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடும் நல்ல உடம்போடும் நிறைந்த மனதோடும் இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனமார வாழ்த்துகிறோம்.

முடிக்கும் முன் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தை இரண்டு மத்தியானமாக வினிதாவுக்குப் படித்துக் காட்டினேன், அவளைப் பற்றி எழுதியதை அவள் கேட்காமல் அனுப்ப மனம் வரவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள், இரண்டு இடத்தில் சிரித்தாள். ஒன்பது நாள் கோபத்தைப் பற்றி நான் எழுதியிருந்த இடத்தில் நாலு வரியை மட்டும், "இது அக்காவுக்கு வேண்டாம்" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் கறுப்பாக மை பூசியிருக்கிறேனே, அதுதான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே.

உன் அம்மா,
கௌரம்மா
அக்ரஹாரம், மைசூரு